பூக்கும் தேதி வேண்டாம், மலையைப் பார்க்கும் முறையைச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குளிர்காலம் விலகத் தொடங்கியதும் நாளிதழ்களின் பயணப் பக்கங்களில் மலைக் காட்டுப்பூக்களைப் பற்றிய கட்டுரைகள் தலைகாட்டத் தொடங்குகின்றன. அவற்றில் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை. பக்கத்தை நிறைக்கும் ஒரு படம், ஒரு மலையின் பெயர், இந்த இரண்டு வாரங்களில் போனால் பூக்களைப் பார்த்துவிடலாம் என்ற உறுதிமொழி, எந்த வளைவில் நின்றால் அந்தப் படத்தைப் போலவே எடுக்கலாம் என்ற குறிப்பு ஆகியவற்றோடு கட்டுரை முடிந்துவிடுகிறது. தேதியையும் துல்லியமான இடத்தையும் அச்சிடுவதைக் கைவிட்டு, அந்த இடத்தில் மலையை எப்படிப் பார்ப்பது, அதன்மேல் எப்படி நடப்பது என்பதை எழுதச் செய்யுங்கள் என்று கேட்டுக்கொள்ளவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

முதலில் தேதியை எடுத்துக்கொள்வோம். சமவெளியில் வசந்தம் ஏறத்தாழ ஒரே சமயத்தில் வந்துவிடும். மலையிலோ அது அடிவாரத்தில் தொடங்கிப் பல வாரங்கள் எடுத்துக்கொண்டு மேலே ஏறுகிறது. அமெரிக்கப் பூச்சியியலாளர் ஆண்ட்ரூ டெல்மார் ஹாப்கின்ஸ் 1918இல் இதற்கு ஒரு கணக்கு வகுத்தார். மற்ற நிலைமைகள் ஒன்றாக இருக்குமானால், 400 அடி உயரம் கூடுவதற்கு 4 நாள் என்ற அளவில் வசந்தகால நிகழ்வுகள் தாமதமாகின்றன என்பது அதன் சாரம். இது வட அமெரிக்காவை வைத்துச் சொல்லப்பட்ட தோராயக் கணக்குதான். எல்லா மலைக்கும் அப்படியே பொருந்தாது. ஆனாலும் ஒரே பாதையில் 4,000 அடி ஏறுகிறவர் ஏறத்தாழ நாற்பது நாள் பின்னோக்கி நடக்கிறார் என்பதை அது தெளிவாகக் காட்டிவிடுகிறது. கீழே விதை முற்றிக்கொண்டிருக்கும் அதே செடி, இடையில் முழுப் பூவோடும் மேலே மொட்டோடும் நிற்கும். இப்படிப்பட்ட மலைக்கு 'உச்சப் பூக்காலம்' என்று ஒரு தேதியை எழுதும்போது எந்த உயரத்துக்கான தேதி அது என்பதைக் கட்டுரையாளர்கள் சொல்வதே இல்லை.

உயரத்தோடு சரிவின் திசையும் சேர்ந்துகொள்கிறது. வட அரைக்கோளத்தில் தெற்கு நோக்கிய சரிவுகள் வெயிலை நேராக வாங்கி முதலில் பனி நீங்குகின்றன. வடக்கு நோக்கியவை நிழலில் கிடந்து பின்தங்குகின்றன. தென் அரைக்கோளத்தில் இது தலைகீழ். காற்று பனியை வாரிக்கொண்டு போய்க் குவிக்கும் பள்ளங்களில் கோடை நடுவிலும் வெள்ளைத் திட்டுகள் மிஞ்சியிருக்கும். அதே காற்று துடைத்துவிட்டுப் போகும் மேட்டு விளிம்புகளிலோ குளிர்காலத்திலேயே மண் தெரியும். இந்த இரண்டுக்கும் இடையே கூப்பிடு தூரம்தான் இருக்கும், பூக்கும் காலத்தில் மட்டும் மாதக்கணக்கில் வேறுபாடு.

உயர்மலைச் செடிகள் பெரும்பாலும் பனி உருகும் நாளையே தங்கள் தொடக்கமாகக் கொள்கின்றன. அங்கே வளர்காலம் மிகக் குறுகியது என்பதால், பல இனங்கள் அடுத்த ஆண்டுக்கான மொட்டுகளை முந்தைய கோடையிலேயே உருவாக்கி, பனிப்போர்வைக்கு அடியில் காத்து வைத்திருக்கின்றன. வெளியே கடுங்குளிர் வீசும்போதும் ஆழமான பனிக்கு அடியில் வெப்பநிலை உறைநிலையை ஒட்டியே நிற்பதால் மொட்டுகள் பிழைக்கின்றன. ஆல்ப்ஸ் மலையின் சோல்டனெல்லா, உருகி மெலிந்த பனித்தகட்டைத் துளைத்துக்கொண்டு ஊதா மணிகளாக வெளியே வந்துவிடும். ராக்கி மலைகளில் மஞ்சள் நிறப் பனியாற்று லில்லி, பின்வாங்கும் பனியின் விளிம்பை ஒட்டியே பூத்துக்கொண்டு மேலே ஏறும். இந்த இரண்டையும் பார்க்க விரும்புகிறவருக்கு நாட்காட்டியால் பயன் குறைவு, பனி விளிம்பு எங்கே நிற்கிறது என்று கேட்டறிந்து போவதுதான் வழி.

பனியின் நாள் ஆண்டுக்கு ஆண்டு எவ்வளவு மாறும் என்பதற்கு அமெரிக்காவின் ரெய்னியர் மலை நல்ல சான்று. அங்கே 2015இல் பனி வழக்கத்தைவிட ஏறத்தாழ இரண்டு மாதம் முன்னதாகவே கரைந்துவிட்டது. பூக்களும் முன்னதாக வந்தன. ஆனால் எல்லா இனங்களும் ஒரே அளவில் முந்தவில்லை. வழக்கமாகச் சேர்ந்து பூக்கிறவை பிரிந்தும், தனித்தனியே பூக்கிறவை சேர்ந்தும் பூத்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். முந்தைய ஆண்டின் கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு அந்த ஆண்டு அங்கே போனவருக்கு, கட்டுரையில் கண்ட மலர்வெளி கிடைத்திருக்காது.

கொலராடோவின் காதிக் என்ற பழைய சுரங்கக் குடியிருப்பில் இயங்கும் ராக்கி மலை உயிரியல் ஆய்வகத்தைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். டேவிட் இனௌயியும் அவருடைய குழுவினரும் 1970களிலிருந்து, குறித்து வைத்த அதே சிறு நிலத்துண்டுகளில், பூக்காலம் முழுவதும் பூக்களை ஒவ்வொன்றாக எண்ணி வந்திருக்கிறார்கள். 39 ஆண்டுப் பதிவுகளை அலசி 2014இல் வெளியிட்ட ஆய்வு, 60 இனங்களைச் சேர்ந்த இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட பூக்களின் எண்ணிக்கையை அடிப்படையாகக் கொண்டது. அங்கே பூக்காலம் முன்பு இருந்ததைவிட 35 நாட்கள் நீண்டிருக்கிறது. நீண்டால் நல்லதுதானே, பார்க்க வருகிறவர்களுக்கு இன்னும் ஒரு மாதம் கிடைக்கிறதே என்று தோன்றலாம். ஆனால் பனி சீக்கிரம் நீங்கிவிட்ட ஆண்டுகளில், போர்வை இழந்து முன்னதாகவே விழித்த மொட்டுகள் ஜூன் மாத உறைபனியில் கருகிப்போவதையும் அதே ஆய்வகத்தில் கண்டிருக்கிறார்கள். பூக்காத ஆண்டில் விதை இல்லை. அந்தப் பூவை நம்பியிருக்கும் தேனீக்கும் வண்டுக்கும் உணவு இல்லை. பயணக் கட்டுரையில் இவ்வளவையும் எழுத இடம் இராது என்பதை அறிவேன். ஆயினும் 'ஒவ்வோர் ஆண்டும் தவறாமல்' என்று பூக்களைப் பற்றி எழுதும் வழக்கத்தையாவது விட்டுவிடலாம்.

வசந்தம் என்றால் மார்ச், ஏப்ரல் என்று எழுதிவிடுவதிலும் இதே அவசரம் இருக்கிறது. இமயத்தின் இடைச்சரிவுகளில் சிவந்த ரோடோடென்ட்ரான் மரங்கள் அந்த மாதங்களில் பூப்பது உண்மைதான். ஆனால் உத்தராகண்டின் மலர்ப் பள்ளத்தாக்கில் தரை முழுவதும் நிறம் மாறுவது மழைக்காலமான ஜூலை, ஆகஸ்டு மாதங்களில். 1931இல் காமெட் சிகரத்திலிருந்து திரும்பும் வழியில் பிரிட்டிஷ் மலையேறி ஃபிராங்க் ஸ்மைத்தும் அவருடைய தோழர்களும் அந்தப் பள்ளத்தாக்கில் இறங்கியதும் மழைக்காலத்தில்தான். நியூசிலாந்தின் தெற்குத் தீவில், உலகின் மிகப் பெரிய ரனன்குலஸ் (பட்டர்கப்) வகைச் செடி எனப்படும் மவுண்ட் குக் லில்லியைக் காண நவம்பரிலிருந்து ஜனவரிக்குள் போக வேண்டும்.

அப்படியானால் வாசகருக்கு எதைத்தான் சொல்வது என்று தாங்கள் கேட்கலாம். தேதியைவிடப் பயனுள்ள செய்திகள் நிறைய உண்டு. புறப்படுவதற்கு முன் அந்த மலையைக் கவனிக்கும் வனத்துறையிடமோ பூங்கா அலுவலகத்திடமோ பனி எந்த உயரம்வரை நீங்கியிருக்கிறது என்று கேட்கச் சொல்லலாம். பனி இன்னும் இறங்கியே கிடந்தால் திட்டத்தைக் கைவிட வேண்டியதில்லை, அதே மலையின் தாழ்ந்த சரிவையோ வெயில் படும் சரிவையோ தேர்ந்தெடுக்கலாம். பருவம் கடந்துவிட்டதாகத் தோன்றினால் இன்னும் ஆயிரம் அடி மேலே, நிழற்பக்கத்தில் தேடலாம். நேரத்தைப் பற்றியும் எழுதலாம். வசந்த ஜென்ஷியானா போன்ற சில பூக்கள் வெயில் இருந்தால் மட்டுமே விரியும். மேகம் மூடியதும் சுருண்டுகொள்ளும். அதிகாலையில் அவ்வழியே கடந்து போகிறவர், ஆழ்ந்த நீல நிறமுடைய அந்தப் பூவின் மேலேயே கண் பதித்தும் அதை அடையாளம் காணாமல் போகக்கூடும். இதற்கு நேர்மாறாக, மலைகளில் கோடைப் பிற்பகல்களில் இடிமேகம் திரள்வது வழக்கம் என்பதால் மரங்கள் அற்ற உயரங்களிலிருந்து மதியத்துக்குள் இறங்கிவிட வேண்டும். ஆக, வெயில் ஏறிய பின்பும் மேகம் திரளும் முன்பும் கிடைக்கிற சில மணி நேரமே பூ பார்க்க உகந்தது. இப்படிச் சொல்லிக்கொடுத்தால் எந்த மலையிலும் எந்த ஆண்டிலும் வாசகர் தாமே பூவைத் தேடிக் கண்டுகொள்வார்.

அடுத்தது நடப்பதைப் பற்றியது. இக்கடிதத்தை எழுதத் தூண்டியதும் இதுதான். பூவின் நடுவே ஒருவர் சம்மணமிட்டு அமர்ந்திருக்கும் படத்தைப் பயணப் பக்கங்களில் அடிக்கடி பார்க்கிறோம். அந்த இடத்துக்கு அவர் எப்படிப் போனார் என்பதைப் படம் காட்டுவதில்லை, செடிகளை மிதித்துத்தான் போயிருக்க முடியும். உயர்மலைச் செடிகள் தரையோடு தரையாக இருப்பதால் அவை முரட்டுத்தனமானவை, ஓரிரு காலடிகளைத் தாங்கிக்கொள்ளும் என்று பலர் நம்புகிறார்கள். காற்றையும் குளிரையும் அவை தாங்குவது உண்மை, காலணியைத் தாங்குவதில்லை. சைலீன் அகாலிஸ் என்ற மெத்தைச் செடியை எடுத்துக்கொள்ளுங்கள். தட்டு அளவே உள்ள பாசிப்பச்சைத் திண்டின்மேல் இளஞ்சிவப்புப் பூக்களைப் பரப்பி நிற்கும் இது, உட்புறத்தில் வெளிக்காற்றைவிட வெப்பத்தைத் தேக்கிவைத்துக்கொண்டு, மிக மெதுவாக வளர்கிறது. இச்செடிகளில் சில 300 ஆண்டுக்கும் மேல் வாழக்கூடியவை என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். அதாவது நாம் குனிந்து பார்க்கும் ஒரு திண்டு, அருகில் உள்ள எந்தக் கட்டடத்தையும்விட முதியதாக இருக்கலாம்.

கொலராடோவின் ராக்கி மலைத் தேசியப் பூங்காவில், வாகனங்களை நிறுத்தி இறங்கியவர்களின் கால்பட்டுத் தேய்ந்துபோன நிலத்துண்டுகளுக்கு வேலியிட்டு, அவை மீள்வதைச் சூழலியலாளர் பியாட்ரிஸ் வில்லர்ட் 1950களின் இறுதியிலிருந்து கவனித்து வந்தார். அந்த 42 ஆண்டுப் பதிவுகள் 2007இல் வெளியாயின. ஒரு காலடியும் படாமல் அத்தனை ஆண்டு காத்தும், மேல்மண் இழந்த இடங்கள் முழுமையாக மீளவில்லை. அங்கே மண் உருவாவதே அவ்வளவு மெதுவாக நடக்கிறது. சில கோடைகளில் சுற்றுலாப் பயணிகள் தேய்த்துவிட்டுப் போனதை ஒரு மனித ஆயுளுக்குள் திரும்பப் பெற முடிவதில்லை.

ஆஸ்திரேலியாவின் கோசியஸ்கோ மலையில் இதற்கு எளிய, திடமான ஒரு தீர்வைக் கண்டிருக்கிறார்கள். உச்சிக்குச் செல்லும் பாதையின் பெரும் பகுதியைத் தரையிலிருந்து உயர்த்தி இரும்புக் கம்பிவலைத் தளமாக அமைத்திருக்கிறார்கள். வெளிச்சமும் மழையும் அதன் கண்களின் வழியே இறங்க, அடியில் செடிகள் வளர்கின்றன. பார்க்க அழகாக இல்லை என்று குறைப்படுவோர் உண்டு. எனக்கு அந்த இரும்புத்தளம் அழகாகவே தெரிகிறது.

எல்லா மலையிலும் இப்படிச் செய்ய இயலாது. ஆகவே நடப்பவரின் பழக்கம்தான் முக்கியம். வசந்தகாலத்தில் பாதைகள் உருகுநீரால் சேறாகக் கிடக்கும். காலணி அழுக்காகாமல் இருக்க ஓரத்துப் புல்லில் ஏறி நடப்பது எல்லோரிடமும் உள்ள இயல்பு. ஒருவர் ஏறினால் அடுத்தவரும் அங்கேதான் ஏறுவார். சில வாரங்களில் ஒற்றையடிப் பாதை மாட்டுவண்டித் தடம்போல் அகன்றுவிடும். சேற்றின் நடுவிலேயே நடப்பதுதான் சரி. அதற்கேற்ற காலணியை அணிந்து வரச் சொல்லுவது பயணக் கட்டுரையின் வேலை. பாதையைப் பனித்திட்டு மறைத்திருந்தால், பாதுகாப்பாகக் கடக்க முடியுமானால் பனியின் மேலேயே நடக்கலாம். அப்போதுதான் உருகி ஈரமாக இருக்கும் மண்ணில் சுற்றிப்போவதே செடிகளுக்குப் பெருங்கேடு. ஆனால் ஓடைக்கு மேலே பாலம்போல் நிற்கும் பனியை நம்பவே கூடாது, அடியில் நீர் அரித்துக்கொண்டே இருக்கும். காலையில் தாண்டிப்போன ஓடை, பகல் வெயிலில் மேலே பனி உருகியதும் பிற்பகலில் இடுப்பளவு வந்துவிடுவதுண்டு என்பதையும் சொல்லி வைக்க வேண்டும். பூவைப் பார்த்துக்கொண்டே சரிவில் அடி வைப்பதில் உள்ள ஆபத்தும் சிறியதன்று. மலர்ப் பள்ளத்தாக்குக்குத் தாவர மாதிரிகளைச் சேகரிக்க வந்த ஜோன் மார்கரெட் லெக் என்ற தாவரவியலாளர் 1939இல் பாறைச்சரிவில் தவறி விழுந்து இறந்தார். அவருடைய கல்லறை அங்கேயே இருக்கிறது.

காலணியைப் பற்றிய பேச்சில் இன்னொன்றையும் சேர்த்துவிடுகிறேன். அதன் அடியில் ஒட்டிய சேற்றோடு அயல் களைகளின் விதைகளும் மலையேறுகின்றன. கோசியஸ்கோவில் அப்படிப் பரவக்கூடிய ஹாக்வீட் களையை மோப்ப நாய்களைக் கொண்டு தேடி அழிக்க வேண்டிய நிலை ஏற்பட்டிருக்கிறது. வீட்டிலிருந்து கிளம்பும் முன் காலணியையும் காலுறையையும் துலக்கிக்கொள்ளச் சொல்ல ஒரு வரி போதும்.

இனி, துல்லியமான இடத்தை அச்சிடுவது பற்றி. 2019 மார்ச்சில் தென் கலிபோர்னியாவின் லேக் எல்சினோர் நகரை ஒட்டிய குன்றுகளில் ஆரஞ்சு நிறப் பாப்பிகள் பெருமளவில் பூத்தன. படங்கள் பரவின, கூட்டம் திரண்டது, சாலைகள் நின்றுபோயின, குன்றுகள் முழுவதும் புதிய ஒற்றையடித் தடங்கள் கீறல்களாகத் தெரிந்தன. நகர நிர்வாகம் திணறிப்போனது. 2023இல் மீண்டும் பூத்தபோது, கூட்டம் திரளும் முன்பே அந்தக் குன்றுகளுக்குச் செல்லும் வழியை மூடிவிட்டார்கள். ஒழுங்காக நடக்கக்கூடியவர்களும் அதனால் பார்க்க முடியாமல் போயிற்று. இதற்கு எதிரான முனையில் இங்கிலாந்தின் லேடிஸ் ஸ்லிப்பர் ஆர்க்கிட் இருக்கிறது. அற்றுப்போய்விட்டதாகக் கருதப்பட்ட அந்தச் செடி 1930இல் யார்க்‌ஷயரில் ஒரே ஓர் இடத்தில் கண்டெடுக்கப்பட்டது. அறிந்த சிலர் அந்த இடத்தைப் பல பத்தாண்டுகள் வெளியே சொல்லாமல் காத்தார்கள். பூக்கும் காலத்தில் காவலும் இருந்தது. செடி பிழைத்தது. இன்று அதன் நாற்றுகளை வேறு இடங்களில் நட்டு, அவற்றில் சிலவற்றைப் பொதுமக்களும் பார்க்கும்படி செய்திருக்கிறார்கள்.

பறிப்பதும் தோண்டுவதும் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை என்று எண்ணியிருந்தேன். ஆனால் சீனாவின் ஹெங்துவான் மலைகளில் வளரும் ஃபிரிட்டில்லாரியா டெலாவாயி என்ற செடியைப் பற்றிச் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை. மருந்துக்காக இதன் கிழங்கை மக்கள் நெடுங்காலமாகத் தோண்டி வருகிறார்கள். முளைத்துச் சில ஆண்டுகள் கழித்தே முதல் பூ வரும். 2020இல் வெளியான ஆய்வு ஒன்று, அதிகம் தோண்டப்பட்ட பகுதிகளில் இச்செடிகள் பச்சையை இழந்து, சுற்றியுள்ள கற்களின் சாம்பல், பழுப்பு நிறத்தை ஒத்திருப்பதைக் காட்டியது. கண்ணில் பட்டவற்றையெல்லாம் மனிதர்கள் எடுத்துவிட்டார்கள். கண்ணில் படாதவை எஞ்சிச் சந்ததி பெருக்கின. நம் குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறை பூத்து, விதைத்து, மடிகிறது. அதன் ஒரு கொத்தைப் பறிப்பவர் அந்தச் செடிக்கு வாழ்நாளில் கிடைத்த ஒரே வாய்ப்பில் கைவைக்கிறார்.

இடத்தைச் சொல்லாவிட்டால் புதிதாக மலைநடைக்கு வர நினைக்கும் எளியவர்கள் எங்கே போவார்கள், பழகியவர்கள் மட்டுமே பார்த்துக்கொள்வதா என்ற எதிர்க்கேள்வியில் நியாயம் இருக்கிறது. மக்கள் மலைக்கு வர வேண்டும் என்பதே என் விருப்பமும். ஆகவே, பராமரிக்கப்பட்ட பாதையும் காவலரும் கழிப்பறையும் உள்ள இடங்களைத் தாராளமாகப் பெயர் சொல்லி எழுதுங்கள். அரிய இனத்தைப் பற்றி எழுதும்போது மலைத்தொடரின் பெயரோடு நின்றுவிடுங்கள். இந்தப் பாறைக்குப் பின்னால், இத்தனையாவது வளைவில் என்று எழுத வேண்டாம். படத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, அது பாதையில் நின்று எடுத்ததா என்று புகைப்படக்காரரை ஒரு வார்த்தை கேளுங்கள். 'வண்ணமலர்கள்' என்று பொதுவாகப் போடாமல் பூவின் பெயரைப் படக்குறிப்பில் எழுதுங்கள்.

இன்னொரு யோசனையும் உண்டு. ரெய்னியர் மலையில் 2013 முதல், மெடோவாட்ச் என்ற பெயரில் தன்னார்வலர்கள் பாதையை விட்டு இறங்காமலே குறிப்பிட்ட இனங்கள் மொட்டில் உள்ளனவா, பூத்துள்ளனவா, காய்த்துள்ளனவா என்று எழுதிக்கொடுத்து வந்திருக்கிறார்கள். வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அவற்றைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். தங்கள் பயணப் பக்கத்திலும் பருவம் முடிந்த பிறகு, வாசகர்கள் பார்த்தவற்றைத் தேதி, தோராயமான உயரம், சரிவின் திசை, பனி இருந்ததா இல்லையா என்ற விவரங்களோடு சுருக்கமாக வெளியிடலாம். தாங்கள் அதற்கு இடம் ஒதுக்கினால் என் குறிப்புகளை முதலில் அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்